நாலேகால் மணி நேரம்

யெல்லோநைஃப்,
மார்ச் 8, 1995

இயோலாவுக்கு,

ஜனவரிக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்திருக்கலாம். செய்தால் உன் குரலைக் கேட்டதும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மனதில் இருப்பதை முதலில் கொட்டிவிடுகிறேன். அம்மா போய்விட்டாள் என்று நீ சொன்ன மறுநாளே நான் விமானம் ஏறினேன். இங்கிருந்து உங்கள் ஊருக்கு இரண்டாயிரத்து இருநூற்று அறுபது கிலோமீட்டர். நடுவில் ராங்கினில் நிற்பதையும் சேர்த்து நாலேகால் மணி நேரம். எனக்கு நாலு நாள் ஆயிற்று. ராங்கினில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஒருத்தியின் வீட்டுத் தரையில் படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் வந்து இறங்கினால் நீ முந்தின நாளே அம்மாவைப் புதைத்துவிட்டாய். குளிரில் மண் உறையும் முன்பே தோண்டி வைத்த குழி எங்கே ஓடிவிடும்? ஒரே ஒரு நாள், இயோலா. அது உன்னால் முடியவில்லை.

இந்தப் பக்கத்தை நீ கிழித்துப் போட்டாலும் போடு. அடுத்த பக்கத்தைக் கிழிக்காதே.

எனக்கு இது முப்பத்து மூன்றாவது வாரம். ஆமாம், பிள்ளை. இரண்டு முறை கலைந்த பிறகு யாரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை. இப்போதும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் சட்டசபைக் கூண்டில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. விமானப் படியில் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளைக்கு அம்மாவின் பெயர்தான். ஆணோ பெண்ணோ, கௌனாக்தான். நீயும் நானும் அதை அம்மா என்று கூப்பிடுவோம். அப்பா பெண்டாட்டி என்று கூப்பிடுவார். பெயர் போகிற இடத்துக்குத் தானும் வருவேன் என்று அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அப்பா அவளைப் பார்க்க வேண்டும். அவரை அனுப்பு.

திங்கள், புதன், வெள்ளி விமானம் உண்டு. அங்கே காலை 9.30க்குப் புறப்படும். இங்கே 11.45க்கு வந்து சேரும். ராங்கினில் அப்பா இறங்க வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஊலிபிகா


இகாலுயிட்,
மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அனுமதி கொடுத்தபடியே முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பாதிகூடப் படிக்கவில்லை. இரண்டாம் பக்கம் என் சட்டைப் பையில் இருக்கிறது. என் வீட்டுக்காரி ரீப்பா அதை எடுத்துப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள். பிள்ளை நல்லபடி பிறக்கட்டும். இதை மனதார எழுதுகிறேன், நம்பு.

ஆனால் அப்பாவை அனுப்ப முடியாது. நீ பார்த்தது ஜனவரி அப்பா. இப்போது அவர் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நிற்கிறார். மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். நுரையீரலில் இருப்பது இனி குறையாது, கோடையைப் பார்த்தால் அதிகம் என்கிறார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆகாயத்தில் வைக்கச் சொல்கிறாயா?

இன்னொன்றும் உனக்குத் தெரியும். பதினேழு வயதில் அவரை நெஞ்சு நோய் என்று கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டு போனார்கள். கூடப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. எந்த மண்ணில் கிடக்கிறார்கள் என்றுகூட அவர்கள் வீட்டாருக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஊரை விட்டு எங்கும் போனதில்லை. போய், அங்கேயே ஏதாவது ஆகிவிட்டால்? அதையும் நான்தானே சுமக்க வேண்டும்?

புதைத்ததைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு வாரத்துக்கு விமானம் இல்லை என்று நிலையத்தில் சொன்னார்கள். நான் என்ன செய்ய?

நீ எழுதியதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

இயோலா


யெல்லோநைஃப்,
மார்ச் 17

இயோலா,

நீ சொல்லப் போவதில்லையா? சரி. வெள்ளிக்கிழமை மாலை உங்கள் ஊர் வானொலியில் வாழ்த்துச் சொல்லும் நேரம் ஒன்று உண்டே, அப்பா காதை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்பாரே, அதற்கு நான் போன் செய்கிறேன். எனக்குப் பேசுவதுதான் தொழில்.

அவர் உயிர் யாருடையது? உன்னுடையதா? அவருக்கு வந்திருக்கும் செய்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள நீ யார்?

உன்மேல் கோபமாக எழுத உட்கார்ந்தேன். பிள்ளை நேற்றிலிருந்து அதிகம் அசையவில்லை. இன்று காலை அசைந்தது. இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம்தான் சொல்லியிருப்பேன்.

ஊலிபிகா


இகாலுயிட்,
மார்ச் 27

அக்காவுக்கு,

மிரட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே செய்துவிட்டாய்! "என் அப்பா அகவாக்குக்கு ஒரு செய்தி. உங்க பொண்டாட்டி கௌனாக் அடுத்த மாசம் யெல்லோநைஃபுக்கு வர்றா. நீங்க வந்து கூட்டிக்கணும்" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி. மறுநாள் கடையில் ரொட்டி வாங்கப் போனால் கல்லாவில் இருந்தவள், "உங்க அம்மா வர்றாங்களாமே! போய்க் கூட்டிட்டு வரலையா?" என்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

அப்பா வானொலியை அணைத்தார். பிறகு, "ரீப்பா, என் பையை எடு" என்றார்.

"எதுக்கு மாமா?"

"காதுல விழலையா? என் பொண்டாட்டி வர்றா. நான் போய் நிக்கலேன்னா அவ என்னைச் சும்மா விடுவாளா?"

நான் கப்பலை நினைவுபடுத்தினேன். "அப்பா, போனா திரும்பி வர முடியுமான்னு தெரியாது. யோசிச்சுப் பாருங்க."

"அன்னிக்கு என்னை ஏத்திவிட்டாங்க. இன்னிக்கு நானா ஏறறேன். ரெண்டும் ஒண்ணாடா?"

பையில் இரண்டு சட்டை, அம்மா தைத்த அந்தப் பிள்ளை சுமக்கும் அங்கி. வேறு எதையும் வைக்க விடவில்லை. நீ அதைப் போட்டுக்கொண்டு முதுகில் அவளைச் சுமக்க வேண்டுமாம்.

புதன்கிழமை, 29ஆம் தேதி விமானம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பழுது, விட்டுவிட்டு வர முடியாது. ரீப்பா கூட வருகிறாள். விமானத்தில் ஆக்சிஜன் நாம்தான் கொண்டு போக வேண்டுமாம். பயணம் எத்தனை மணி நேரம் என்று நர்ஸ் கேட்டாள். புதிதாகத் தெற்கிலிருந்து வந்தவள், ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதரைக்குக் கிளம்பி பதினொன்றே முக்காலுக்கு இறங்குகிறது, இரண்டேகால் மணி என்று சொன்னேன். அவள் இரண்டு சிலிண்டர் கொடுத்தாள். ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். ஆக மூன்றரை மணி. ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் மாட்டினால்கூடத் தாராளமாக மிஞ்சும். இதிலாவது நான் சரியாகச் செய்தேன் என்று ஒப்புக்கொள்.

நம் ஊர் ஜோனாசி சட்டசபைக் கூட்டத்துக்கு இன்றைய விமானத்தில் வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் உறைந்த மீன் இரண்டையும் கொடுத்திருக்கிறேன். மீனை நீ தின்ன வேண்டும், டாக்டர் என்ன சொன்னாலும் சரி.

பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. அவரைப் பார்த்துக்கொள்.

இயோலா


யெல்லோநைஃப்,
மார்ச் 30

இயோலா,

அப்பா என் வீட்டில் தூங்குகிறார். மூச்சு ஒழுங்காக வருகிறது. முதலில் இதை எழுதிவிட்டேன், இனி மற்றதைப் படி.

ஜோனாசி உன் கடிதத்தைத் திங்கள்கிழமை கொடுக்கவில்லை. நேற்றுக் காலை இங்கே ஒன்பது பத்துக்குச் சபை நடைவழியில் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அம்மாடி, தப்பா நினைக்காத. பார்க்கா கோட்டுப் பையிலயே மறந்துட்டேன். மீன் கெட்டுப் போயிடுமேன்னு அதை மட்டும் தின்னுட்டேன்." வெளியே மைனஸ் முப்பது டிகிரிக் குளிர். மீன் கெட்டுப் போகுமாம்.

நின்றபடியே படித்தேன். 'இரண்டேகால் மணி' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன்.

இயோலா, 9.30 உன் கடிகாரம். 11.45 என் கடிகாரம். என் கடிகாரம் உன்னுடையதற்கு இரண்டு மணி நேரம் பின்னால். எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் விரல் விட்டு இரண்டு கழிப்பவன் நீ! இரண்டேகாலோடு அந்த இரண்டையும் கூட்டு. நாலேகால். மூன்றரை மணி நேரக் காற்றோடு அவரை அனுப்பியிருக்கிறாய். ஒன்பதுக்கே மாட்டியிருந்தால் என் கடிகாரத்தில் பத்தரைக்குத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு தரையில் கால் வைக்க ஒன்றேகால் மணி நேரம்.

நான் கடிதத்தைப் படித்தபோது அவர்கள் ஆகாயத்தில் இருந்தார்கள். ராங்கினில் இறங்க இருபது நிமிடம். அங்கே நிற்பது முப்பத்தைந்து நிமிடம். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தியின் எண்தான். ஜனவரியில் என்னைத் தன் வீட்டுத் தரையில் படுக்க வைத்தவள், நனாவுக். விமான நிலையத்தில் சீட்டுக் கிழிப்பவள். அழைத்தேன்.

"நனாவுக், நான் ஊலிபிகா. ஜனவரியில..."

"அழுதுக்கிட்டே எங்க வீட்டு டீயெல்லாம் குடிச்சவதானே? சொல்லு."

சொன்னேன். அவள் எதுவும் கேட்கவில்லை. "மருத்துவ நிலையத்துல டாக்டர் சீட்டு இல்லாம சிலிண்டர் தரமாட்டாங்க. நீ அவங்களுக்குப் போன் போட்டு இங்கிலீஷ்ல கத்து. நான் ஸ்னோமொபைல் வண்டிய எடுக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

கத்தினேன். அங்கே இருந்தவர் யெல்லோநைஃப் டாக்டர் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். எங்கள் டாக்டர் அறுவை அறையில். என் வயிறு கல்லாக இறுகிக்கொண்டது, நான் மேஜையைப் பிடித்துக்கொண்டே பேசினேன். கடைசியில் அந்த மனிதர், "உங்களுக்குப் பிரசவ நாள் எப்போ?" என்று கேட்டார். சொன்னேன். "உட்காருங்க, முதல்ல உட்காருங்க" என்றார். இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு ராங்கினில் யாரும் போனை எடுக்கவில்லை.

கொடுத்தார்களா இல்லையா என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் இருந்தேன். பத்தரை ஆனபோது விமான நிலையத்துக் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் முடிகிறது என்று. நாற்பது எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன்.

விமானம் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தது. எல்லாரும் இறங்கி முடித்த பிறகு ரீப்பா படியில் தெரிந்தாள். அவள் தோளில் நீ கொடுக்காத ஒரு சிலிண்டர், பச்சை நிறம். அவள் பின்னால் அப்பா. ஒவ்வொரு படியாக. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: "ரெண்டேகால் மணின்னானே அவன்? உக்காந்து உக்காந்து பின்பக்கமே மரத்துப்போச்சு."

ராங்கினில் விமானம் கிளம்பும் நேரத்தில் கதவைத் திறந்து, பனித் தொப்பியோடு ஒரு பெண் உள்ளே ஓடி வந்து சிலிண்டரை ரீப்பா மடியில் வைத்துவிட்டு, விமானியிடம், "இப்பப் போங்க" என்றாளாம். அப்பாவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

நாலேகால் மணி நேரம் என்று என் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன், இயோலா.

ஊலிபிகா


இகாலுயிட்,
ஏப்ரல் 3

அக்கா,

நீ அன்றே போனில் சொல்லியிருக்கலாம், கடிதத்துக்காகக் காத்திருக்க வைத்தாய். அது எனக்கு வேண்டியதுதான்.

கிழித்த முதல் பக்கத்தைத் தேடினேன். குப்பை போய் மூன்று வாரமாகிறது. நான் அதில் உன் வசவை மட்டும்தான் பார்த்தேன். வசவுக்கு நடுவில் அப்பாவின் மூச்சு இருந்திருக்கிறது.

நர்ஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளா கேட்க வேண்டும்? அவள் தெற்கத்தியாள். நான் நாற்பது வருடம் இங்கே இருப்பவன்.

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் அவர் கட்டில் காலியாக இருக்கிறது, ரீப்பாவும் இல்லை. அம்மாவுக்கு அவசரப்பட்டேன், அப்பாவுக்குக் கணக்கில் தவறினேன். இனி இந்த வீட்டில் எதையும் என்னிடம் ஒப்படைக்காதே.

பிள்ளை அசைகிறதா? எழுது. இந்த முறை போன் செய்தாலும் வைக்கமாட்டேன்.

இயோலா


யெல்லோநைஃப்,
ஏப்ரல் 10

இயோலா,

போனில் "வந்துட்டாங்க" என்று மட்டும்தான் உன்னிடம் சொல்ல முடிந்தது. அதற்குமேல் நீயும் அழுதாய், நானும் அழுதேன். அதனால் விவரம் இதில்.

வெள்ளிக்கிழமை மதியம் பிறந்தது. ஆண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு இரத்தக் கொதிப்பு இன்னும் இறங்கவில்லை, படுக்கையில்தான் இருக்கிறேன். ரீப்பாதான் முதலில் துடைத்துக் கையில் வாங்கினாள். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "என் மாமியார் இந்தத் தடவை ஆம்பளையா வந்திருக்காங்க. இனிமேலாவது என் சூப்பில உப்பு அதிகம்னு சொல்லாம இருக்கட்டும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மாமியார் அவள் சட்டையை நனைத்துவிட்டார். "பார்த்தீங்களா, அதே குணம்!" என்றாள்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். மடியில் வைத்தோம். அவர் குனிந்து, குழாயோடு, அவன் நெற்றியை முகர்ந்தார்.

"எங்கடி போயிருந்த இத்தனை நாளா? டீ போடக்கூட ஆளில்ல எனக்கு."

அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். பிறந்த பிள்ளைக்குக் கண் தெரியாது என்று நர்ஸ் சொன்னாள். அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இயோலா, அவர் மிகவும் தளர்ந்துவிட்டார். திரும்பிப் பறக்க விடமாட்டோம் என்கிறார்கள். நீ பயந்தது நடக்கத்தான் போகிறது என்று நினைக்கிறேன். நான் தப்புச் செய்துவிட்டேனா? நேற்று அவரிடமே கேட்டேன். "அவனை எனக்காகக் குழி தோண்ட அவசரப்பட வேண்டாம்னு சொல்லு" என்று சிரித்தார். சிரித்த பிறகு இருமல் நிற்கவில்லை.

ஊலிபிகா


இகாலுயிட்,
ஏப்ரல் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு இன்று பதினைந்து நாள் வயது. இதை அக்கா உனக்குப் படித்துக் காட்டுவாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாலும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் நேற்று வந்து சேர்ந்தார். ரீப்பா மேலே உட்கார்ந்து வந்தாள், அவர் கீழே சாமான்களோடு பெட்டியில் வந்தார். விமானம் அங்கே கிளம்பிய நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு மணி கூட்டினேன். நாலேகால் மணி நேரம் ஓடுபாதை ஓரத்தில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். கப்பலில் போனவர்களைப் போல எங்கோ கிடக்கவில்லை. ஊர் ஆட்கள் முப்பது பேர் வந்து தோள் கொடுத்தார்கள்.

அம்மா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவிடம் இதுவரை பொய்தான் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் விமான நிலையத்தில், ஒரு வாரத்துக்கு விமானம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. "புயல் நகர்ந்துட்டிருக்கு, நாளைக்கு வந்தாலும் வரலாம்" என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் நீ கிடந்தாய். கன்னத்தில் சிறு வயதிலிருந்து நான் பார்த்து வந்த அந்தப் பழைய வெட்டுத் தழும்பு. இன்னொரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால் மூடச் சொன்னேன். அவ்வளவுதான் காரணம். அக்காவை நினைக்கவே இல்லை. என்னை மட்டும்தான் நினைத்தேன்.

இதை நீ அவளிடம் சொல்ல வேண்டாம், அவளே இப்போது சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பாள். அக்கா, நிறுத்தாதே, மேலே படி.

உனக்கும் அக்காவுக்கும் டாக்டர் இன்னும் இரண்டு வாரம் பறக்க அனுமதி தரவில்லை. பாதிரியார் திங்கட்கிழமை அடக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தோண்டி வைத்ததில் ஒரு குழி மிச்சம் இருக்கிறது, உன்னுடையதற்குப் பக்கத்திலேயே. உன்னுடையது என்று எழுதக் கை வரவில்லை, நீதான் அங்கே இல்லையே.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எதுக்குக் காத்திருக்கணும்? வேண்டியவங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க?" என்றார்.

"அவர் பொண்டாட்டி இன்னும் வரலீங்க" என்றேன்.

பெட்டியைக் குளிர்ந்த கொட்டகையில் திறந்துதான் வைத்திருக்கிறேன். நேற்று இரவும் இன்று பள்ளிக்கூட வேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கிறேன். முடிகிறது.

அங்கே குளிராக இருக்கும், அக்காவிடம் சொல்லி நீ தைத்த அங்கியிலேயே ஏறி வா. ராங்கினில் புயல் பிடித்தால் நனாவுக் வீட்டில் இருங்கள். நாலு நாளானாலும் சரி, நாற்பது நாளானாலும் சரி. நான் இங்கேயே இருக்கிறேன்.

உன் மகன்,
இயோலா